கேட்காமல் போனால்

களுவாஞ்சிகுடியில், என் மேசையில்
எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.
ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மொடியூல்;
நூறு அனுப்பினால் நூறும் போய்ச் சேர்ந்தன.
மேசை எதையும் நிரூபிப்பதில்லை.

கிட்டங்கி தாண்டி
நாவிதன்வெளி வட்டைக்கு வந்தால்
நூறில் அறுபத்தொன்று.
அஸ்மிர் போனைப் பார்த்துச் சொல்கிறான்,
தோற்கும் மச்சின் ஸ்கோர் சொல்கிற குரலில்.

நாற்பது நாள் வேளாண்மை, இலையெல்லாம் தண்ணீர்.
ஈரம் அலையைக் குடிக்கும் என்பது படித்தது.
எவ்வளவு குடிக்கும் என்பதை
வரம்பில் நின்றுதான் படிக்க வேண்டும்.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன்.
நாலு மோட்டரும் ஒருமிக்க உறிஞ்சும் கணத்தில்
மொடியூலுக்கு மூச்சுத் திணறுகிறது.
அதன் இரண்டு காலுக்கும் நடுவே
கௌபி விதையளவு ஒரு கொள்ளளவி.
குந்தியிருந்து பற்றாசு பிடித்தேன், காற்றுக்கு முதுகைக் காட்டி.
எழுபத்து நாலு.

பிறகு சனல்.
எழுபத்தாறில் ஆரோ வீட்டு வைஃபை சளசளத்தது.
நூற்றெட்டுக்கு ஏறினேன், அங்கே ஆளில்லை.
வேகத்தையும் குறைத்தேன்:
ஆறுதலாகக் கதைத்தால் தூரத்துக்குக் கேட்கும்.
அன்ரனா நுனியால் சுட்டாதே என்று அஸ்மிரின் கையைச் சாய்த்தேன்.
நுனி ஊமை. பக்கவாட்டில்தான் அதற்கு வாய்.
தொண்ணூற்று மூன்று.

மிச்சம் ஏழு?
ஏழும் தாளம் தப்பாமல் விழுந்தன,
நொடிக்கு ஒருக்கா.
டிக்.
டிக்.
கிறுகிப் பார்த்தேன். யானை வேலி.
புல் வளர்ந்து கம்பியில் முட்டுகிற இடத்தில்
குண்டூசித் தலையளவு நீலப் பொறி.
“வேலிக்குப் பக்கத்திலயா இவ்வளவு நேரமும் நிண்ட நாம!”
அறுபது எட்டு நடந்தோம்.
நூறு.

இனித்தான் கடினமான வரி.
என் குரல் கேட்காமல் போனால்
நீ என்ன செய்வாய்?
நிரலில் அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.
வெறுமையாய் விட்டால்
கடைசியாகக் கேட்டதையே செய்துகொண்டிருக்கும்.
முன்னே என்றிருந்தால் முன்னே,
பற்றரி தீரும் வரை.
அப்படிப் போய்த் திரும்பாதவர்களை
இந்தப் பக்கம் அறியும்.

எழுதினேன்:
அரை நொடி கேட்காவிட்டால், அந்தரத்தில் நில்.
ஐந்து நொடி கேட்காவிட்டால், வீட்டுக்குத் திரும்பு.
பரீட்சிக்க ரிமோட்டை அணைத்தேன்.
நின்றது. நல்லது.
ஐந்தாம் நொடியில் மூக்கைத் திருப்பி
பத்து லீற்றர் தண்ணீரோடு
கடற்பக்கம் கிளம்பியது.
நேற்று மேசையில் பதித்த வீட்டை
நான் அழிக்கவில்லை.
அஸ்மிர் வரம்பால் ஓடினான், சாரத்தைத் தூக்கிக்கொண்டு,
அது காதுள்ள மாடு என்பதுபோலக் கத்திக்கொண்டு.
ரிமோட்டைப் போட்டதும் நின்றது.
வீட்டை மாற்றினேன்:
வரம்பில் விரித்த வெறும் யூரியாப் பை.

அப்போதுதான் பார்த்தேன்.
பக்கத்துக் கண்டத்தில் களை பிடுங்கிய நாலு பேரும்
மருத மரத்தடிக்குப் போயிருந்தார்கள்.
ஆரும் போகச் சொல்லவில்லை.
சத்தம் கேட்டது, கால்கள் போயின.
“வண்டா புள்ள?” யோகமலர் அக்கா.
“இல்ல அக்கா, மருந்தடிக்கிற மெஷின்.”
“மறுகா, அது ஆர்ர கையில இரிக்கி?”

சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.
ஐந்து பைட்டு முகவரி.
தொழிற்சாலை போட்டதை அப்படியே விட்டிருந்தேன்;
கடையில் தொங்குகிற எல்லா மொடியூலுக்கும் அதே ஐந்து.
இதே சனலில் இன்னொருத்தர் வந்து கதைத்தால்
இது அவருக்கும் கீழ்ப்படியும்.

இறக்கினேன்.
மடிக்கணினியை யூரியாப் பையில் வைத்து
ஐந்தையும் மாற்றினேன், இரண்டு பக்கமும்.
அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

மறுபடி எழுப்புமுன்
ரிமோட்டை உயர்த்திக் காட்டினேன்,
அன்ரனாவைப் பக்கவாட்டில் சாய்த்து.
“என்ட கையில, அக்கா.”

கேட்டிருக்கும்.
மரத்தடியிலிருந்து பதில் வர
ஐந்து நொடிக்கு மேலானது.