இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு

கதவு எங்களுடையதல்ல.
யாரோ எழுதியது, எந்த ஊரில் இருந்தோ.
ஆறு வருடத்துக்கு முன் இம்தியாஸ் அதை இறக்கி
இந்த இரும்புப் பெட்டிக்குள் பொருத்திவிட்டு
மெல்பேர்ணுக்குப் போய்விட்டான்.
மஞ்சள் ஒட்டுத்தாளில் ஒரு கடவுச்சொல்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வெசாக் இரவு. பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி.
கீழே காலி வீதி முழுக்கக் கூடுகள்,
தன்சலில் சனம், ஒலிபெருக்கி.
பத்தரைக்கு அறிவித்தல் வந்தது:
நீங்கள் பாவிக்கும் பதிப்பில் ஓட்டை.

என்ன ஓட்டை?
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு.
ஒரு படி மேலே போ என்று அர்த்தம்.
மேலே, இன்னும் மேலே என்று நாலைந்து தரம் சொன்னால்
வரவேற்பறையை விட்டு நழுவி
இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அடுக்கிய
அலுமாரிக்கு முன்னால் நிற்கலாம்.

வாசலில் காவல் இல்லாமல் இல்லை.
புள்ளியைக் கண்டால் திருப்பித்தான் அனுப்புகிறது.
ஆனால் அதே புள்ளி
சதவீதக் குறியும் இலக்கமுமாக உடுத்துக்கொண்டு வந்தால்
போங்கோ என்று விட்டுவிடுகிறது.
உள்ளே போனபிறகு, ஆறுதலாக,
உடுப்பைக் கழற்றுகிறது புள்ளி.

என் பாஷையில் புள்ளி வைத்தால்
எழுத்தின் உயிர் போய்விடும், மெய்தான் மிஞ்சும்.
இங்கே புள்ளிக்குத்தான் உயிர்.

புதிய பதிப்பு இந்தப் பழைய பெட்டியில் ஏறாது.
வேறு பெட்டி கேட்டதற்கு நிதிப்பிரிவு
மாசியில் சொன்னது: பார்ப்பம்.
மூலநிரல் திறந்துதான் கிடந்தது. இறங்கினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி: சோதி.
இருநூற்றுப் பத்தொன்பதாம் வரி: அவிழ்.
சோதனைச் சாவடிகளுக்குள் வளர்ந்தவள் நான்.
எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு என்பதில்
ஒரு ஆளின் இரவே தங்கியிருக்கும்
என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இரண்டுக்கும் நடுவில், எழுதியவனோ எழுதியவளோ
தனக்குத்தானே ஒரு குறிப்பு விட்டிருந்தது:
இதைப் பிறகு பார்க்க வேண்டும்.
திகதி, ஒன்பது வருடத்துக்கு முந்தியது.

அழித்தேன்.
முதலில் அவிழ், பிறகு சோதி.
வரிகள் இடம் மாறின. அவ்வளவுதான் வேலை.
அது கட்டி எழும்ப நாற்பது நிமிடம்;
காவலாளி விமலசேன தன்சலில் வாங்கிய
பெலிமல் கோப்பை ஒன்றை மேசையில் வைத்து
இன்னும் முடியேல்லையா மிஸ் என்றார்,
அவருடைய தமிழில்.

பிறகுதான் பதிவேட்டைப் பார்த்தேன்.
யாராவது ஏற்கெனவே வந்தார்களா?

வந்திருந்தார். ஒரே ஒருவர்.
பதினொரு இரவு, மூன்று மணிக்கு மேல்,
ஒரே கைப்பேசி இணைப்பு, ஒரே ஓர் அறிக்கை.
மற்ற நாற்பதாயிரம் பேரின் இரத்தத்தைத்
திரும்பியும் பார்க்கவில்லை.
அந்த இலக்கத்தைக் காசாளர் கணக்கில் தட்டினேன்:
நிலுவை ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது.
கட்டும்வரை அறிக்கை கொடுபடாது.

பெயரைப் பார்க்கக்கூடாது. பார்க்கவில்லை.
வயதைப் பார்த்தேன்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஒருமுறை வாசித்தால் போதாதா?
ஒரே தாளைப் பதினொரு தரம் திறந்தால்
அதில் என்ன மாறியிருக்கும்?

மூன்று பன்னிரண்டு.
திரையில் ஒரு வரி அசைந்தது.
இரண்டு புள்ளி, சாய்கோடு, இரண்டு புள்ளி.
என் கதவு சொன்னது: அனுமதி இல்லை.
திரும்பவும். அனுமதி இல்லை.
மூன்றாம் தரம் வேறு உடுப்பில், வேறு எழுத்துக்கூட்டில்.
சரியாகத்தான் செய்திருக்கிறேன்.
அனுமதி இல்லை.

நாலாம் தரத்துக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.

வீதியில் கூடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
முகாமையாளருக்கு அனுப்பும் படிவத்தில்
ஓட்டை: அடைக்கப்பட்டது.
நேரம்: மூன்று ஐந்து.
பாதிப்பு என்ற கட்டத்தில் நெடுநேரம்
கோடு மின்னி மின்னி நின்றது.
தெரியாத ஊர்க்காரரின் வரியைத் தட்டினேன்:
இதைப் பிறகு பார்க்க வேண்டும்.

கைப்பையில் இரண்டு ஐயாயிரம் தாள் இருந்தது.
காசாளர் யன்னல் ஏழரைக்குத் திறக்கும்.