மூழ்காதது

புயல்நீர் வடிந்த லேக் சார்ல்ஸிலிருந்து
வெர்லீ த்ராஹான் கொண்டுவந்த ஸ்டீல் கிட்டார்.
காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றினேன்.
ஒரு பெடல் தண்டு வளைந்தே இருக்கிறது;
நிமிர்த்தினால் முறியும்.

"இந்தப் பழுப்பு வட்டத்தைத் தேய்த்தால்
விலை ஏறுமா?"
இறங்கும், என்றேன்.
அப்பா பியர் கேன் வைத்த இடம்.

பெட்டியின் ஈர மெத்தையைப் பிரிக்க
பதினொரு அடகுச் சீட்டு.
ஓவிட் த்ராஹான்: திங்கள் வைத்து, சனி மீட்டு,
திங்கள் வைத்து, சனி மீட்டு.
இருபது டாலர். ஒருமுறை பதினெட்டு.

கடைசிச் சீட்டு மட்டும்
மூழ்க இரண்டு நாள் இருக்கையில் மீண்டிருக்கிறது.
கையெழுத்து வேறு.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"அம்மா.
இந்தச் சத்தமே அவளுக்கு ஆகாது."

காப்பீட்டுத் தாளில்
நாலாயிரத்து இருநூறு என்று எழுதினேன்.
சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்,
கிட்டாருக்கு நாளை வருவதாகச் சொல்லி.