ஒன்றே ஒன்று

கேரி பையில் கொஞ்சம் தண்ணீரோடு
ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார் ஜெசிந்தா டீச்சர்.
"ஆகாயத்தாமரை. ஒண்ணும் செய்ய வேணாம்,
சும்மா போட்டு வைங்க, பிழைச்சுக்கும்."

பிழைத்தது.

வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லில்
கொல்லையில் எழுப்பிய குளம்.
ஆறடிக்கு நாலடி, முழங்கால் ஆழம்.
குனிந்து பார்த்தால் நாகமலையின் வால் மட்டும்
தலைகீழாய்த் தெரியும்.
அதற்காகவே அந்த இடத்தில் கட்டினோம் என்று
வருகிறவர்களிடம் சொல்வேன். பொய்.
செப்டிக் டேங்குக்கு எதிர்மூலை, அவ்வளவுதான்.

தை மாதம் ஒன்று.
மாசிக் களரிக்குப் போய்த் திரும்பியபோது பதினாலு.
சித்திரை பிறக்கையில் எண்ணுவதை விட்டிருந்தேன்.
மின்வாரியத்தில் இருபது வருடம்
யூனிட் கணக்குப் பார்த்தவளுக்கு
இந்த மீட்டரைப் படிக்கத் தெரியவில்லை.
முதலில் மலை போனது.
பிறகு வானம்.
பிறகு கப்பி மீன்கள்,
ஓரத்தில் மிச்சமிருந்த உள்ளங்கையளவு தண்ணீரில்
வாயை மேலே நீட்டிக்கொண்டு,
ரேஷன் கடைக் கூட்டம் போல.

ஞாயிற்றுக்கிழமை
நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.
ஒன்றைப் பிடித்தால் ஏழு வந்தன.
தாய்க்கும் குட்டிக்கும் நடுவே
சார்ஜர் வயர் மாதிரி ஒரு வெள்ளைக் கொடி.
அடியில் சீப்பு படாத முடியாக வேர்;
அதற்குள் நத்தைகள், ஒரு தட்டான் குஞ்சு.
தட்டான் குஞ்சை உடனே திருப்பி விட்டேன்.
நத்தைகளைக் கொஞ்சம் யோசித்துவிட்டு.

பதினோரு அன்னக்கூடை.

முதல் கூடையைத் தெருச் சாக்கடையில்
கவிழ்க்கத்தான் தூக்கிப் போனேன்.
சாக்கடை எங்கே போகிறது?
நாலு தெரு தாண்டி, பாலத்துக்கு அடியில் நுழைந்து,
கண்மாய்க்கு.
அங்கே ஏற்கெனவே கிரிக்கெட் ஆடலாம் போல
ஒரு பச்சை மைதானம் மிதக்கிறது.
யாரோ ஒருவர்
ஒன்றே ஒன்றைத்தான் விட்டிருப்பார்.
கூடையோடு திரும்பினேன். இடுப்பு விட்டுப்போனது.

மொட்டைமாடியில் பரப்பினேன்.
அக்னி நட்சத்திரம் முதல்முறையாக
எனக்காக ஒரு வேலை செய்தது.
மூன்றாம் நாள் மதியம் எல்லாம் கருகிய அப்பளம்.
வாரி, வாழைக்கு அடியில் கொட்டினேன்.

அன்று சாயங்காலம் டீச்சர் வந்தார்.
"ஒண்ணு கிடைக்குமா?
நான் ஊருக்குப் போன நேரம் தொட்டி வத்தி
என்கிட்ட இருந்ததெல்லாம் செத்துப்போச்சு."

இல்லையே டீச்சர், என்றேன்,
குளத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றபடி.
காப்பி போட்டேன். சர்க்கரை கூடிவிட்டது.
"அது எப்படிப் போகும்? பிழைச்சுக்குமே"
என்று படியில் இறங்கும்போது கேட்டார்,
என்னைக் கேட்ட மாதிரியும் இல்லை.

கேட்டைச் சாத்திவிட்டு வந்து குனிந்தேன்.
மலையின் வால் திரும்பி வந்திருந்தது.
அதன் நுனியில்
சுண்டுவிரல் நகம் அளவு, மூன்று இலை.

எடுத்தேன்.
விரலுக்கு வெல்வெட். ஒரு சொட்டு ஒட்டவில்லை.
அழகாகத்தான் இருந்தது, சனியன்.

மதில் மேல் வைத்தேன், வெயில் இன்னும் மிச்சமிருந்த பக்கமாக.
அடுத்த ஞாயிறும் இறங்க வேண்டும்.
அதற்கு அடுத்ததும்.