இடது விளக்கு

ஆயர் ஈத்தாம் ஏற்றத்தில்
ஒரு மோட்டார் சைக்கிள் பின்வாங்கி இடித்ததில்
விமலேஸ்வரி டீச்சர் காரின் இடது விளக்கு போனது.

சிம்பாங் அம்பாட் ஹாஃப்கட் கடையில்
அதே கம்பெனி, அதே ஆண்டு, அதே விளக்கு.
கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.
அறுநூற்றைம்பது வெள்ளி என்றான்,
ஐந்நூறுக்கு இறங்கினான்.

மழை பிடித்துக்கொண்டதால்
ஜெலுத்தோங் கொட்டகைக்குள் காரைத் தள்ளி
பம்பரைக் கழற்றி, விளக்கைப் பொருத்தி,
பட்டனை அழுத்தினேன்.

எரியவில்லை.
திரையில் மட்டும் ஒரு மஞ்சள் வரி,
மலாயில், மிகுந்த மரியாதையோடு:
இந்தப் பாகம் அங்கீகரிக்கப்படவில்லை.

ஃபியூஸைப் பார்த்தேன். வயரைப் பார்த்தேன்.
பூன் கியட் தன் லேப்டாப்பைச் செருகினான்.
கார் அவனிடம் ஓடிய தூரத்தைச் சொன்னது,
கதவு எத்தனை முறை திறந்தது என்பதைக்கூடச் சொன்னது.
விளக்கைப் பற்றிக் கேட்டதும்
கடவுச்சொல் கேட்டது.

"எங்கே பிழை என்று சொல்லாமல்
வெறும் சிவப்புக் கோடு போடும் வாத்தியார்களை
எனக்குப் பிடிக்காது" என்றார் டீச்சர்.

விளக்கைக் கழற்றி மேசைமேல் கிடத்தி
பழைய பேட்டரியிலிருந்து நேராக
இரண்டு வயர் கொடுத்தேன்.

எரிந்தது.
டயர் அடுக்கு, எண்ணெய்க் கறை,
ஜாக்கிக்கு அடியில் சுருண்டிருந்த பூனை,
கொட்டகையே எழுந்து உட்கார்ந்தது.
டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு
அந்த வெளிச்சத்திலேயே
ஆறாம் ஆண்டுக் கட்டுரைகளைத் திருத்தத் தொடங்கினார்.
மழை விடும்வரை
நான் அதை அணைக்கவில்லை.

மறுபடி பொருத்திக் கொடுத்தேன், எரியாத அதே விளக்கை.
வாங்கிக்கொண்டது அறுபது வெள்ளி. அதற்கே கூச்சமாக இருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜூருவில்,
மூன்று வாரம் தள்ளித்தான் தேதி கிடைத்தது.
அதுவரை பகலில் மட்டும் ஓட்டினார்.
இரவு டியூஷன் இரண்டு நின்றுபோயின.

நேற்று வந்தார். இரண்டு கண்ணும் எரிந்தன.
"பானெட்டைத் திறந்தார்களா?"
"இல்லையே. ஒரு பையன் உள்ளே உட்கார்ந்து
எதையோ செருகினான்.
நான் மைலோ குடித்து முடிப்பதற்குள்
உருவிக்கொண்டு போய்விட்டான்."

பில்லை நீட்டினார். நானூற்று எண்பது.
கிரீஸ் பட்டுவிடாமல்
இரண்டு விரல் நுனியில் பிடித்து வாசித்தேன்.

கூலி என்று போட்டிருந்தது.