இருக்கை இல்லாத சீட்டு

குவாங்யுவான் நிலையத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
எதையோ இரண்டு முறை கேட்டாள்.
இரண்டு முறையும் தலையாட்டினேன்.
அப்படித்தான் வாங்கினேன்,
தியன்ஷுய் வரைக்கும் பதினோரு மணி நேரம்
நின்றுகொண்டே போகும் உரிமையை.

பதினான்காம் பெட்டி.
கழிவறைக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் நடுவே
சூரியகாந்தி விதைத் தோல், நூடுல்ஸ் ஆவி,
சாக்குமூட்டை மேல் ஒருவர்,
கைகழுவும் தொட்டிக்குள் கால் மடக்கி ஒரு பையன்.
நகர இடமே இல்லை.
ஆனாலும் எல்லோரும் நகர்ந்தார்கள்.

அவள் தன் பெயின்ட் வாளியைக்
காலால் என் பக்கம் தள்ளினாள்.
இருபது லிட்டர் வாளி,
மூடியெங்கும் காய்ந்த வெள்ளைச் சொட்டுகள்.
உள்ளே பட்டித் தகடு, சீப்பு, துண்டு, செருப்பு,
ஒரு வருடத்துச் செங்டூ.
அவளுக்குச் செய்தித்தாளும் தரையும்.
நான் பாதி எடையை வாளிக்கும்
மீதியைத் தொடைகளுக்கும் கொடுத்து உட்கார்ந்தேன்.
மூடி உடைந்தால்
எந்தச் சொல்லில் மன்னிப்புக் கேட்பது?
அந்தப் பாடம் வரை நான் படிக்கவில்லை.

கைபேசியை அவள் வாயருகே பிடித்தேன்.
"அரிசி உண்டு முடித்தாயா?" என்றது அது,
செய்தி வாசிப்பவர் குரலில்.
"உன் மாதக் கூலி எத்தனை கனம்?"
"உங்கள் ஊரில் சுவர்களுக்கு என்ன நிறம்?"
மஞ்சள் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சுரங்கம் வந்தது, சிக்னல் போனது.

அந்த மலைகளில் பேச்சு அப்படித்தான்.
கேள்வி மலைக்கு இந்தப் பக்கம்,
பதில் அந்தப் பக்கம்.
நடுவில் ஒருவர் முகத்தை ஒருவர்
பார்த்துக்கொண்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.
ஒரு சுரங்கத்தில் அவள்
கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும்
துப்பாக்கிபோல் நீட்டினாள்.
நான் இரு கைகளையும் தூக்கிச் சரணடைந்தேன்.
தொட்டிக்குள் இருந்த பையன்
சிரித்துச் சிரித்துத் தலையை இடித்துக்கொண்டான்.
அது எட்டாம்.
அவள் மகனுக்கு எட்டு வயது.

பெயர் லியென்சின்.
மூன்று முறை சொல்லித் தந்தாள்.
மூன்று முறையும் வேறு யாரையோ கூப்பிட்டேன்.

நள்ளிரவுக்கு மேல், "ஏன் ஒற்றையாய்?"
சுரங்கம்.
இருப்பதிலேயே நீளமானது.
அம்மாவிடம் சொன்ன பதில் கைவசம் இருந்தது,
அலுவலகத்துக்கு எழுதியதும் இருந்தது.
இரண்டும் இவளுக்கு ஆகாது.
அடியில் கிடந்த ஒன்றைத் தேடி எடுப்பதற்குள்
அவளே கைபேசியை வாங்கி
எதையோ சொல்லித் திருப்பித் தந்தாள்.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து
சார்ஜ் தீர்ந்து அணைந்தது.
மலை முடிந்தபோது
அவள் தலை என் முட்டியில் தூங்கியிருந்தது.
நான் மிச்சமிருந்த பாதியும் அசையவில்லை.

ஃபெங்சியனில் தோளைத் தட்டினாள்.
எழுந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டாள்.
படியிறங்கும்போது ஒரு துப்பாக்கி காட்டினாள்.
செய்தித்தாளில் உட்கார்ந்தேன்.
இன்னும் சூடாக இருந்தது.

தியன்ஷுயில் விடிகாலை, மூன்று விடுதிகள்.
வெளிநாட்டவரைச் சேர்க்க அனுமதி இல்லையாம்.
மூன்றாவது விடுதிக்காரி
ரசீதின் முதுகில் வழி வரைந்து தந்தாள்.
அது காவல் நிலையத்தில் போய் முடிந்தது.

இளம் காவலர்
வெந்நீர் தந்தார், படிவம் தந்தார்,
என் கைபேசியைத் தன் மேசையில் சொருகினார்.
நீல நாற்காலியின் விளிம்பில் நான்.
திரை உயிர்த்தது. வட்டம் மறுபடி சுற்றி நின்றது.
இரவு இரண்டு பதினேழு என்று நேரம் காட்டி
அதே செய்தி வாசிப்பவர் குரல்
அறை முழுக்கக் கேட்கச் சொன்னது:

"மூடி உடையாது. முழுதாக உட்கார்."

காவலர் நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு பேனாவால் படிவத்தைத் தட்டினார்.
"உடன் வந்தவர்" கட்டம்
இன்னும் காலியாக இருந்தது.