கேட்குதா, ஓவர்

விளம்பரத்தைத் தட்டச்சு செய்தது நான்.
தேவை: கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்.
சம்பளத்தை அடிக்கச் சொன்னார் தாளாளர்,
அடித்த பிறகு, அதை அடிக்கச் சொன்னார்.
'தகுதிக்கேற்ப' என்று முடிந்தது.

பழைய கோச் போனது ஆவணிக் கடைசியில்.
மலப்புறத்தில் ஏதோ அகாடமி, இரண்டு மடங்குப் பணம்.
விசிலைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.
கயிறு இன்னும் ஈரமாக இருந்தது.
ஸ்டாக் பதிவேட்டில் ஏற்றினேன்:
விசில், ஒன்று.

விண்ணப்பங்கள் பதினேழு.
'எல்லா விளையாட்டும் மூச்சுதானே ஐயா'
என்று எழுதியிருந்தார் ஒரு கபடிக்காரர்.
மார்த்தாண்டத்து ஜிம் முதலாளி
புஜத்தின் படம் மட்டும் இணைத்திருந்தார்.
திருச்சூர்க்காரர் நேரிலேயே வந்தார்.
மடிக்கணினியில் வட்டங்கள் ஓடின,
வட்டங்களைத் துரத்தி அம்புக்குறிகள் ஓடின.
மைதானத்தைக் காட்டக் கூட்டிப்போனோம்.
வலது கார்னரில் முழங்கால் தண்ணீர்,
நடுவில் ஒரு கொக்கு.
அதற்கு அவரிடம் அம்புக்குறி இல்லை.
மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

பையன்களுக்கு ஒரே பெயர்தான்: கிளீட்டஸ்.
மாநில அணியில் ஒரு வருடம்
பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.
உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அவருக்குத் தெரியும் என்றார்கள்.
'ஆள் எங்கே?'
'தங்கலுக்குப் போயிருக்காரு ஃபாதர்.'
சுறாத் தூண்டில். லட்சத்தீவுக்கும் மேற்கே.
திரும்ப முப்பது நாளாகும்.
மண்டலப் போட்டிக்கு இருந்தது இருபத்திரண்டு.

ஷார்ஜாவிலிருந்து காணொளியில் ரெக்ஸ்லின்,
முன்னாள் மாணவர், ஜெர்சி வாங்கித் தருபவர்:
'ஆள் எடுக்கும்போது என்னையும் கேக்கணும்.'
கேட்டோம். சிக்னல் போனது.
திறந்த வாயோடு அரை மணி நேரம்
திரையில் நின்றார்.

ஒயர்லெஸ்ஸில் கேட்டால் என்ன என்றது
உடற்கல்வி இயக்குநர் ஐசக் சார்.
நித்திரவிளையிலிருந்து ஜீப்பில் இறங்கினோம்
தேர்வுக் குழு முழுவதும், சின்னத்துறைக் கரைக்கு.
கேள்வி முதலில் 'நல்ல மேய்ப்பன்' போட்டுக்கு,
அங்கிருந்து 'செலின் மேரி'க்கு,
அங்கிருந்து பெயர் காதில் சரியாக விழாத ஒரு போட்டுக்கு.
அதற்கும் அப்பால் கிளீட்டஸ்.

'அணியை எப்படி நிறுத்துவீர்கள்? ஓவர்.'
மறுநாள் காலை வந்தது பதில்:
'ஐஸ் நாலு நாளைக்கு நிக்கும். ஓவர்.'
குழு இதைத் தீவிரமாக விவாதித்தது.
நாலு என்றது தடுப்பில் நாலு பேரைத்தான்
என்றார் வணிகவியல் துறைத்தலைவர்.
கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதினேன்.
'எதிர்பார்க்கும் ஊதியம்? ஓவர்.'
'காத்து தெக்கே திரும்பியாச்சு.'
'நம்ம தகுதிக்கேற்ப மாதிரியேதான் இருக்கு' என்று
ஃபாதர் முதல்முறையாகச் சிரித்தார்.

கேப்டன் ஜெபின் உள்ளே புகுந்து
மைக்கைப் பிடுங்கினான்.
'மாமா, வருவீயளா?
எடையில கேக்குறவங்க யாரும் இத மாத்தாதீங்க,
சொன்னபடி சொல்லுங்க. ஓவர்.'

இரண்டு நாள் சத்தமில்லை. மழை.
மைதானத்தில் இப்போது கொக்குகள் ஆறு.
கடல் வற்றிய நேரம் பார்த்து
ஈர மணலில் ஓடினார்கள்.
பந்தை வாழ்நாளில் உதைத்ததில்லை நான்;
வேறு ஆளில்லை என்று விசில் ஊதினேன்.
எப்போது ஊதுவது என்பதை
அவர்களே கையைக் காட்டிச் சொல்லித்தந்தார்கள்.

மூன்றாம் நாள் அந்தியில் கரகரவென்று,
மூன்று வாய்களில் தேய்ந்து, ஒரு குரல்:
'கோலி யாரு?
கேட்குதா?
அவனுக்குக் கையுறை இருக்கா? ஓவர்.'

இது சம்மதமா, மறுப்பா?
குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.
என் கையெழுத்து, எனக்குத் தெரியாதா:
கையுறை, ஜோடி ஒன்று.
இடது காணவில்லை.

மைக்கை வாங்கி அதைத்தான் சொன்னேன்.
ஓவர் என்று சொல்ல மறந்துவிட்டேன்.
ஜீப் ஏற்றம் ஏறும்போதுதான் நினைவு வந்தது:
நான் இன்னும் பேசுவேன் என்று
நாலு போட்டுகள்
காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.