எப்போதும் காலை பத்து மணி

மண்டபம் வடகடல் துறையில்
டோக்கன் கொடுக்கும் அறை என்னுடையது.
உப்புக்காற்று தின்ற விசைப்பலகையில்
ழகரம் மட்டும் இரண்டு முறை அடித்தால்தான் விழும்.

கணினிக்குள் ஆளுக்கொரு முகம்.
படகுப் பதிவேட்டுக்கு நீலப் பட்டை,
டீசல் மானியக் கணக்கு வெள்ளை வெளேர்,
பிரிண்டருக்கு உருண்டைக் கண்ணாடிப் பொத்தான்,
கால்குலேட்டர் ஒரே இருட்டு.
ஒரு முகூர்த்த நாளில்
நாலு கல்யாணத்துக்குப் போவது மாதிரி:
ஒவ்வொரு வீட்டிலும்
செருப்பை வேறு மூலையில் விட வேண்டும்.

தடைக்காலம் வந்தது. அறுபத்தோரு நாள்.
படகுகள் கரையேறிப் பெயின்ட் பூசிக்கொண்டன.
நானும் பூசினேன்.
தொண்ணூறுகளின் தீம் ஒன்றை இறக்கி
எல்லா ஜன்னலுக்கும் மாட்டினேன்.
சாம்பல்.
வெயில் ஏறுமுன் வடகடல் அசையாமல் கிடக்குமே,
அந்தச் சாம்பல்.

பொத்தானுக்கு
மேலேயும் இடப்பக்கமும் வெள்ளைக் கோடு,
கீழேயும் வலப்பக்கமும் கருங்கோடு.
அவ்வளவுதான், புடைத்துக்கொண்டு நிற்கும்.
அழுத்தினால் கோடுகள் இடம் மாறும்,
பொத்தான் உள்ளே போகும்.
திரைக்கு வெளியே இடது மூலையில்
ஒரு சூரியன் இருக்க வேண்டும் அதற்கு.
நகராத சூரியன்.
என் கணினியில் எப்போதும் காலை பத்து மணி.

மானியக் கணக்கு மட்டும் எட்டு நாள் முரண்டியது.
வானிலை அறிவிப்பு அதைவிட மோசம்,
சிவப்பைக் கழற்ற மாட்டேன் என்றது.
அதன் வயிற்றைத் திறந்து
இருநூற்றுப் பதினாலாம் வரியில்
நிறத்தின் எண்ணை மாற்றினேன்.
அடங்கியது.

எமரிட் சன்னல் வழி எட்டிப் பார்த்தார்.
‘பழைய மெஷின் வாங்கிட்டியளா?’
‘பழசு மாதிரி. எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்ல.’
அவர் துறைப்பக்கம் கையைக் காட்டினார்.
உத்தரவுப்படி பூசின பச்சை,
வரிசையாக நூறு படகு.
‘அதுவும் ஒண்ணுபோலத்தான் இருக்கு.
முந்தாநாள் ராத்திரி
மச்சான் படகுல ஏறிப் படுத்துட்டேன்.’

ஐப்பசியில் ஒரு விடியல்.
பிரிண்டரில் தாள் தீர்ந்தது என்று ஒரு சாம்பல் பெட்டி.
சரி.
கடவுச்சொல் காலாவதி என்று ஒரு சாம்பல் பெட்டி.
சரி.
இன்னொரு சாம்பல் பெட்டி.
பத்து மணி வெயிலில்
பொத்தான் அதே இடத்தில், அதே புடைப்பில்.
சரி.
கண் வேண்டியிருக்கவில்லை, கைக்கே வழி தெரிந்திருந்தது.
அதற்காகத்தானே இத்தனை நாள் பாடுபட்டேன்.

ஏழு டோக்கன் போன பிறகு
பாம்பனிலிருந்து ஜகுபர் சார் போன்:
‘கூண்டு ஏத்தியாச்சே, பார்க்கலையா?’

ஒயர்லெஸ்ஸில் கத்தினேன்.
ஆறு படகு பதில் சொன்னது.
ஏழாவது, எமரிட்டுடையது.
சுவரில் பல்லி நகர்ந்தது,
மின்விசிறி சுற்றியது,
திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

நாலு மணிக்கு அவராகவே திரும்பி வந்தார்.
காற்று திசை மாறிய விதம் பிடிக்கவில்லையாம்.
மழையில் நனைந்த டோக்கனை
மேசைமேல் வைத்தார்.
‘எண்பது லிட்டர்’ என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவே அந்த வரியை அழித்தேன்.
சிவப்பு திரும்பி வந்தது:
நிழலில்லாமல், தட்டையாக,
எழுத்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு,
பார்க்கச் சகிக்காமல்.
மற்றதெல்லாம் சாம்பல்தான் இன்னும்.
எனக்கு அது பிடிக்கும், என்ன செய்ய.

அடுத்த தடைக்காலம் முடிந்து
எமரிட் படகு தண்ணீரில் இறங்கியபோது
பச்சைக்குக் கீழே
ஒரு சாண் அகலத்துக்குக் காவிக் கோடு ஓடியது,
உத்தரவில் இல்லாதது.
அவர் என்னைப் பார்த்தார்.
படிவத்தில் ‘நிறம்’ என்ற கட்டத்தில்
பச்சை என்று அடித்தேன்.